நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது எப்படி

உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்திலிருந்தும் சர்க்கரையை மட்டும் பிரித்து எடுத்துவைத்தால் ஒரு டீஸ்பூன்தான் தேறும். சுமார் நாலரை கிராம். நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் தசைகள் ரத்தத்திலிருந்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் வரை இழுக்கும். கணக்குப்படி ஐந்து நிமிடத்தில் எல்லாம் காலியாகிவிட வேண்டும். ஆகாததற்குக் காரணம், ஒரு பக்கம் தசை உறிஞ்ச உறிஞ்ச இன்னொரு பக்கம் கல்லீரல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரையை அளக்கும் மீட்டரோ கையில் ஒட்டும் சென்சாரோ காட்டும் எண் தொட்டியில் நிற்கும் தண்ணீர் மட்டம். குழாயில் எவ்வளவு வருகிறது, அடியில் எவ்வளவு போகிறது என்பதை அது சொல்லாது. 95 என்று காட்டினால், சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் 95-ஆகவும் இருக்கலாம், கல்லீரல் கடைசிக் கையிருப்பைச் சுரண்டி ஊற்றிக்கொண்டிருக்கும் 28-ஆவது கிலோமீட்டரின் 95-ஆகவும் இருக்கலாம். அதனால் எண்ணை எடுப்பது பாதி வேலை. அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதியைச் செய்யாமல் விலையுயர்ந்த சென்சாரை ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கையிருப்புக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லீரலில் 80 முதல் 100 கிராம் வரை கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரை, இருக்கும், தசைகளில் 300 முதல் 500 கிராம். தசையில் இருப்பது அந்தந்தத் தசைக்கு மட்டும்தான், அது ரத்தத்துக்குத் திரும்பி வராது. கையிருப்பிலிருந்து ரத்தத்துக்கு ஊற்றுவது கல்லீரல்தான், அதுவும் ராத்திரித் தூக்கத்திலேயே கணிசமான பகுதியை மூளைக்குக் கொடுத்துவிடும். வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஓடக் கிளம்புகிறவர் இதை நினைத்துக்கொள்ளட்டும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1924-ல் பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், தளர்ந்து குழம்பிப்போய் வந்து சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்ததைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஓட்டக்காரர்களை முன்கூட்டியே மாவுச்சத்து சாப்பிட வைத்து, நடுவழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். நிலைமை நன்றாக மாறியது.

விரல் குத்தலா, சென்சாரா?

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இரண்டுமே கட்டாயம் இல்லை. ஒரு குறிப்பிட்ட கேள்வி இருந்தால் மட்டும் இறங்குங்கள். "காலையில் சாப்பிட்டுவிட்டு ஓடினால் முதல் அரை மணி நேரம் ஏன் தலை சுற்றுகிறது?" என்பது கேள்வி. "என் சுகர் எப்படி இருக்கிறது என்று சும்மா பார்க்கலாமே" என்பது கேள்வி இல்லை, அதற்குப் பதிலும் கிடைக்காது.

விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் மலிவு, நேரடியாக ரத்தத்தைப் பார்க்கிறது, ஆனால் ஒரு நொடியின் படம் மட்டுமே. கையில் ஒட்டும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து கோடாக வரைந்து காட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறி போடும். ஆனால் அது பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றி இருக்கும் திரவத்தை. ரத்தத்தில் நடப்பது அங்கே எட்ட 5 முதல் 10 நிமிடம் ஆகும். கடுமையாக ஓடும்போது, சர்க்கரை வேகமாக மாறும்போது, கால் மணி நேரம்கூடப் பின்தங்கும். ஆகவே சென்சாரைப் போக்கைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் விரலைக் குத்துங்கள்.

மீட்டரின் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. இதற்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேச அளவுகோல் 2013-ல் திருத்தப்பட்டது. அதன்படி நூறுக்குக் கீழே 15 மி.கி. வரையும், நூறும் அதற்கு மேலும் 15 சதவீதம் வரையும் முன்னே பின்னே இருக்கலாம். அதாவது 92-க்கும் 99-க்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். (இங்கே எல்லா எண்ணும் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் அதை 18-ஆல் பெருக்குங்கள்.)

நடுவழியில் குத்திப் பார்ப்பது

வீட்டில் செய்வதும் வியர்வையோடு சாலையோரத்தில் செய்வதும் ஒன்றல்ல. ஒருமுறை மூன்று மணி நேர சைக்கிள் பயிற்சியின் நடுவே நிறுத்திக் குத்திப் பார்த்தேன். 214. வயிற்றைக் கலக்கியது. ஐந்து நிமிடம் அப்படியே திட்டில் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்துவிட்டு, அப்புறம்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கவனித்தேன். பத்து நிமிடம் முன்னால் கிழித்த சர்க்கரை ஜெல் பாக்கெட்டின் மிச்சம். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, பனியனின் உள்பக்கத்தில் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 103.

அதனால் முறை இதுதான். முதலில் வெறும் தண்ணீரில் விரலைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும், ஜெல் இருந்தால் எகிறும். கழுவ வழியே இல்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்த வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு, ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது உறுத்தவும் உறுத்தாது. கை சில்லிட்டிருந்தால் தொங்கவிட்டு உதறுங்கள், விரலைப் பிழியாதீர்கள். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பை அதன் மூடிய டப்பாவிலேயே கொண்டுபோங்கள், ஒவ்வொன்றாக எடுத்து வியர்வையில் நனையும் பையில் போட்டால் அது அளக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. வெயிலில் சூடேறிய மீட்டரும் அப்படித்தான், பெரும்பாலான கருவிகள் 10 முதல் 40 டிகிரிக்குள்தான் சரியாக வேலை செய்யும். குத்திய ஊசியை வேறொரு காலி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள், வழியில் எறிய வேண்டாம்.

சென்சார் ஒட்டும்போது

மேல்கையின் பின்பக்கம்தான் வழக்கமான இடம். முக்கியமான பயிற்சிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள், முதல் 24 மணி நேரம் பல சென்சார்கள் தாறுமாறாகக் காட்டும். ஒட்டும் இடத்தில் எண்ணெயோ லோஷனோ இருக்கக் கூடாது. வியர்வையில் கழன்று வரும் என்பதால் மேலே விளையாட்டு டேப் ஒன்று போடுங்கள். பையின் வாரோ உடையின் விளிம்போ அதில் உரசாதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ராத்திரி 3 மணிக்கு 58 என்று அலாரம் அடித்தால் பதறாதீர்கள், முதலில் எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சென்சார் மேல் படுத்து அழுத்தினால் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும். திரும்பிப் படுத்துப் பத்து இருபது நிமிடத்தில் ஏறிவிட்டால் அதுதான் காரணம். மருந்துகளும் குழப்பும். சில சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எண்ணைக் கூட்டிக் காட்டும், வேறு சிலவற்றில் பாராசிட்டமால் அதையே செய்யும். உங்கள் சென்சாரோடு வரும் தாளில் இது எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். யாரும் படிப்பதில்லை.

எண்களை எப்படிப் படிப்பது

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 70 முதல் 99 வரை. ஓய்வாக இருக்கும் நாளில் பெரும்பாலான நேரம் 70-க்கும் 140-க்கும் நடுவில் கோடு ஓடும். பயிற்சி நாளில் கோடு வேறு மாதிரி இருக்கும், அங்கேதான் ஆட்கள் பயந்துபோகிறார்கள்.

முதல் பயம், ஆரம்பத்தில் வரும் சரிவு. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாள்: காலை உணவு முடிந்து 45 நிமிடம் கழித்து ஓட ஆரம்பித்தபோது 128. இருபதாவது நிமிடம் 68, அம்பு கீழ்நோக்கி. கால்களில் எந்தக் குறையும் இல்லை. நாற்பதாவது நிமிடம் 91. எதுவும் சாப்பிடவில்லை, தானாகவே ஏறியது. நடந்தது இதுதான்: சாப்பாட்டுக்காகச் சுரந்த இன்சுலின் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது தசையும் இழுக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டியில் குழாய் போட்டதும் மட்டம் சட்டென்று இறங்கியது, கல்லீரல் சுதாரித்துக்கொண்டதும் நின்றது. பலருக்கு இது எண்ணில் மட்டும் தெரியும், ஓட்டத்தைக் கெடுக்காது. சிலருக்கு மட்டும் கை நடுங்கும், கண் இருட்டும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று கண்டுபிடிக்க சென்சார் உண்மையிலேயே உதவும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாவது பயம் இதற்கு நேர் எதிர். வேக இடைவெளிப் பயிற்சியிலோ மேட்டில் ஏறும்போதோ சர்க்கரை 150, 170 என்று ஏறும். ஒன்றுமே சாப்பிடாமல் ஏறும்! அட்ரினலின் கல்லீரலைத் திறந்துவிடுகிறது, தசை எடுப்பதைவிட வேகமாகக் கொட்டுகிறது, அவ்வளவுதான். நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு மாவுச்சத்தைக் குறைக்கக் கிளம்பாதீர்கள்.

மூன்றாவதாக வருவது பயம் இல்லை, ஏமாற்றம். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டாலும் 80 கிராம் சாப்பிட்டாலும் பலருக்கு நடு ஓட்டத்தில் கோடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே வருவது கூடினால் கல்லீரல் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது, மட்டம் மாறாது, கையிருப்பு மிச்சமாகிறது. அந்த மிச்சம் கோட்டில் தெரியாது. அதனால் எவ்வளவு சாப்பிடுவது என்பதை சென்சாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. அதற்குப் பழைய கணக்கே போதும்: ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் 90 வரை. 60-ஐத் தாண்டும்போது குளுக்கோஸோடு ஃபிரக்டோஸும் கலந்திருக்க வேண்டும், ஏனென்றால் குடலில் குளுக்கோஸுக்கான வாசல் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும், ஃபிரக்டோஸுக்கு வாசல் வேறு. வயிறு தாங்குகிறதா என்பதை வாரக்கணக்கில் பழக்கிப் பார்க்க வேண்டும்.

கோட்டில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம் கடைசி மணி நேரம். இரண்டு மணி நேரம் 90, 95 என்று சமமாக ஓடிய கோடு, வேகம் மாறாமல் இருக்கும்போதே 85, 78, 71 என்று மெல்ல மெல்லச் சரிந்தால், கல்லீரல் கையை விரிக்கிறது என்று அர்த்தம். 71 என்ற எண் அங்கே பெரிதில்லை, அந்தச் சரிவுதான் செய்தி.

மூன்று ஓட்டச் சோதனை

ஒரே பாதை, ஒரே நேரம், முந்தின நாள் ஒரே மாதிரி சாப்பாடு, தொண்ணூறு நிமிட சாதாரண வேகம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள். இரண்டாவதற்கு அதே சாப்பாட்டை 45 நிமிடம் முன்னால். மூன்றாவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாடு, கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு ஜெல். ஓட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். 0, 20, 45, 70, 90-ஆவது நிமிடங்களிலும், முடித்து அரை மணி கழித்தும் எண்ணையும் அம்பையும் குறியுங்கள். கூடவே உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண்.

இந்த மதிப்பெண்ணை எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் போட வேண்டும். 66 என்று பார்த்தபிறகு யாருக்குத்தான் தலை சுற்றாது?

இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் எண்ணும் விழுந்து மதிப்பெண்ணும் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது, போட்டி நாளில் சாப்பாட்டை மூன்று மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள், அல்லது கடைசி ஐந்து நிமிடத்தில் ஜெல்லாக எடுங்கள். எண் விழுந்து மதிப்பெண் விழாவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம்.

இறங்கிவிட்டால்

வியர்வை, படபடப்பு, களைப்பு எல்லாம் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள்தான், ஆனால் ஓடுகிறவருக்கு அவை எப்போதும் இருக்கும். ஆகவே மூளையைக் கவனியுங்கள். காரணமில்லாத எரிச்சல், வார்த்தை குழறுவது, மீதி எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட முடியாமல் திணறுவது. நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்ப்பேன். எழுபது, அறுபத்து மூன்று, ஐம்பத்தாறு. அதில் தடுக்கினால் ஜெல்லைக் கிழித்துவிடுவேன், எண்ணைப் பார்க்கக் காத்திருப்பதில்லை.

70-க்குக் கீழே போய் அறிகுறியும் இருந்தால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது நில்லுங்கள், 15 முதல் 20 கிராம் வரை வேகமாகச் சேரும் சர்க்கரை எடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். சென்சாரைப் பார்க்காதீர்கள், ரத்தம் ஏறியபிறகும் அது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், நீங்களும் பயத்தில் தின்றுகொண்டே இருப்பீர்கள். 54-க்குக் கீழே என்றால் அன்றைய ஓட்டம் முடிந்தது. இன்னொன்று, ஆள் குழம்பிப் போயிருக்கிறார் ஆனால் மீட்டர் 100 காட்டுகிறது என்றால் அது சர்க்கரை இல்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து உப்பு நீர்த்துப்போனதாக இருக்கலாம், வெப்பத் தாக்காக இருக்கலாம், இரண்டுமே உயிருக்கு ஆபத்து, உடனே மருத்துவ உதவி வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

இதுவரை சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு இது ஆர்வத்துக்கான கருவி இல்லை, சீட் பெல்ட். இன்சுலின் போடுகிறவரின் உடம்பில் ஏற்கெனவே போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது, ஓட ஆரம்பித்ததும் அது இன்னும் பலமாக வேலை செய்யும். ஓடப் போகும்போது தொடையில் ஊசி போட்டால் வேகமாக உறிஞ்சும், இடத்தை மாற்றுங்கள்.

முதல் வகை சர்க்கரை நோய்க்கு நிபுணர்கள் சொல்லும் பொதுவான வரம்பு இது. கிளம்பும்போது 126 முதல் 180 வரை இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 90-ஐத் தாண்டும்வரை காத்திருங்கள். 90-க்கும் 125-க்கும் நடுவே என்றால் 10 கிராம் எடுத்துவிட்டுக் கிளம்பலாம். 270-க்கு மேல் காரணம் தெரியாமல் இருந்தால் ரத்தத்தில் கீட்டோனைப் (சர்க்கரைக்குப் பதில் கொழுப்பு எரியும்போது சேரும் அமிலப் பொருள்) பாருங்கள், அது லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓடவே கூடாது. முந்தின 24 மணி நேரத்தில் கடுமையான தாழ்சர்க்கரை வந்திருந்தால் அன்றைக்கு ஓய்வு. எவ்வளவு இன்சுலினைக் குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அது ஆளுக்கு ஆள் மாறும்.

பலர் கோட்டை விடுவது ராத்திரியில். காலி செய்த கிளைக்கோஜனைத் தசை நிரப்பிக்கொண்டே இருப்பதால் சர்க்கரை தூக்கத்தில் விழலாம், நீண்ட ஓட்டத்தின் தாக்கம் 24 மணி நேரத்துக்கு மேலும் இருக்கும். அந்த ராத்திரிக்கு மட்டும் தாழ் அலாரத்தை வழக்கத்தைவிட மேலே வையுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் வையுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் வகைக்கு மாத்திரை எது என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவை ஓட்டத்தில் இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" முடிவுள்ள மாத்திரை எடுத்தால் இன்னொரு விஷயம்: சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி அமிலத்தன்மை ஆபத்து வரலாம், மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு அந்த ஆபத்து கூடும். போட்டிக்குப் பதிவு செய்யும் முன்னாலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

போட்டி நாள்

சைக்கிள் போட்டியென்றால் விதியைப் பாருங்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, பந்தயத்தின்போது குளுக்கோஸ் சென்சார் அணிவதை 2021-ல் தடை செய்தது. 2023-ல் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் மூன்றாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டன் ஃபால்க்னர், சென்சார் அணிந்திருந்ததால் தகுதி இழந்தார். பயிற்சியில் அணியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே அமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

விதி தடுக்காவிட்டாலும், நோய் இல்லாதவர்கள் போட்டியின்போது திரையைப் பார்க்க வேண்டாம் என்பேன். அன்றைக்குத் திட்டப்படி சாப்பிடுவதுதான் வேலை.

எப்போது கழற்றுவது, எப்போது மருத்துவரிடம் போவது

ஒரு சென்சார் 10 முதல் 15 நாள் வரும். மூன்று ஓட்டச் சோதனைக்கும் ஒரு நீண்ட ஓட்டத்துக்கும் ஒன்றோ இரண்டோ போதும். கேள்விக்கு விடை கிடைத்ததும் கழற்றிவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் தோலைப் பிய்க்காமல் வரும்.

அந்த நாட்களில், சென்சாரை அழுத்திப் படுக்காமலேயே ராத்திரிக்கு ராத்திரி சர்க்கரை தாழ்ந்து, கூடவே எடை இறங்கி, களைப்பு தீராமல், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால், பயிற்சிக்குத் தகுந்த சாப்பாடு உள்ளே போகவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். காலை வெறும் வயிற்று எண் திரும்பத் திரும்ப நூறைத் தாண்டினால் ஆய்வகத்தில் முறையாக ரத்தம் கொடுத்துப் பாருங்கள், 126-ஐத் தொட்டால் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் மாரத்தான் ஓடிய மறுநாளே ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். அடிபட்ட தசை ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாது, எண் கூடுதலாக வரும். ஒரு வாரம் விட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் போங்கள்.